சிறு விமானத்தின் மூச்சுக்குழல்

முத்துக் குளிப்பு நடந்த காலத்தில், தூத்துக்குடிக் கடலில் கல்லின் பாரத்தோடு இறங்கியவர் மூச்சை அடக்கினால்தான் சிப்பி கைக்கு எட்டியது. அந்தக் குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்று போயிற்று. யந்திரத்தின் தர்மமோ இதற்கு நேர் விரோதமானது. அது மூச்சைத் தாராளமாக வெளியே விட்டால்தான் ஓடும். இன்று நாம் சொல்லப் போவது அப்படி மூச்சு விடும் ஒரு சிறு யந்திரத்தைப் பற்றி.

மாதிரி விமானம் என்றால், ரப்பர் முறுக்கில் பறக்கும் காகிதக் குருவி என்று பெற்றோர் எண்ணிவிட வேண்டாம். இறக்கை இரண்டு மீட்டருக்கு மேல் நீண்டு, 50 அல்லது 100 கன சென்டிமீட்டர் பெட்ரோல் யந்திரம் பூட்டிய பெரிய மாதிரிகளும் உண்டு. அது கட்டுப்பாடின்றி உறுமினால் தெருவே விழித்துக்கொள்ளும். அந்த உறுமலை அடக்கவே 'கானிஸ்டர்' என்னும் உலோகக் குடுவையை விமானத்தின் வயிற்றில் வைக்கிறார்கள்.

வெளிவரும் புகையை அறைகளிலும் துளையிட்ட குழாயிலும் விரியவிட்டுச் சப்தத்தைக் குறைப்பது அதன் முதல் வேலை. மற்றது, நன்கு அமைந்த குடுவைகளுக்கே உரிய சூட்சுமம். டூ-ஸ்ட்ரோக் யந்திரத்தில் புகையோடு சிறிது புதிய எரிபொருளும் வீணே நழுவும். குழாயின் நீளமும் உருவமும் பொருந்தியிருந்தால், திரும்பி வரும் அழுத்த அலை அதை மீண்டும் உள்ளே தள்ளிவிடும். கிழக்கு ஜெர்மனியின் வால்டர் காடன் 1950-களில் பந்தய மோட்டார் சைக்கிள்களுக்காக இந்த வித்தையை வளர்த்தார்.

நிற்க. குடுவையைப் பொருத்துவது எப்படி? அசையாதபடி இறுக்கிவிடுவதே நன்று என்று தோன்றும். அதுதான் ஆபத்து. யந்திரம் ஓயாமல் நடுங்குகிறது. உலோகம் சூடேற நீள்கிறது. இரு முனைகளையும் இறுக்கினால் எங்கேனும் விரிசல் கண்டே தீரும். ஆகையால் யந்திரத்தின் குழாயையும் குடுவையையும் டெஃப்ளான் உறையால் இணைத்து, வளையப் பட்டிகளால் பிடிக்க வேண்டும். பின்முனையைச் சூடு தாங்கும் சிலிகான் ரப்பரில் ஏந்தி, சற்றே நகர இடம் விட வேண்டும்.

அடுத்தது உஷ்ணம். விமானத்தின் உடலோ இலேசான பால்சா மரம். குடுவையைச் சுற்றி ஒரு விரற்கடையாவது இடைவெளி வேண்டும். மரத்தின் உட்புறத்தில் அலுமினியத் தகடு ஒட்டுவது உத்தமம். சூடேறிய காற்று விரிவதால், அது வெளியேறும் வாசல் நுழையும் வாசலைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்க வேண்டும். புகைக்குழாயின் வாய் உடலுக்கு வெளியே நீண்டிருக்கட்டும்; இல்லாவிடில் எண்ணெய்ப் புகை மரத்தில் ஊறித் தீக்கு விருந்தாகும்.

நம் கரையில் இன்னொரு சத்துரு உப்புக் காற்று. துருவேறிய பட்டி வானத்தில் நழுவினால், கொதிக்கும் புகை நேரே மரத்தில் பாயும். ஆகவே பட்டிகள் துருப்பிடியாத எஃகாக இருக்கட்டும். பறக்கும் முன் ஒவ்வொரு முறையும் தொட்டுப் பார்த்தல் நலம்.

சட்டமும் உண்டு. 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி மாதிரி விமானத்தின் மொத்த எடை 25 கிலோவுக்கு மேற்படலாகாது; கண்ணுக்கெட்டிய தூரத்திலேயே பறக்க வேண்டும். வாகைக்குளம் விமான நிலையம் அருகிருப்பதால் வான்வெளி வரைபடத்தைப் பார்ப்பதும் அவசியம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா; அங்குள்ள பறவைகளிடம் நம் உறுமலுக்கு வேலையில்லை.

1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை இவ்வூரில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். காலியா, லாவோ என்னும் அதன் கப்பல்களை அயல்நாட்டில்தான் வாங்க வேண்டியிருந்தது. கப்பலை நாமே ஓட்டியது அன்றைய வெற்றி. செய்வது பின்வருவோருக்கு விட்ட கடமை. குடுவையை வாங்கிப் பூட்டும் பிள்ளை பறக்கவிடக் கற்கிறது. அது ஏன் நடுங்குகிறது, ஏன் சுடுகிறது என்று கேட்டுத் தானே ஒன்று செய்து பார்க்கும் பிள்ளை யந்திரக் கலையைக் கற்கிறது. ஆகவே திண்ணையில் தகரம் வெட்டும் சப்தம் கேட்டால், பெற்றோர் கடிந்துகொள்ள வேண்டாம். ஒரு வாளி மணலை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காரட்டும்.