'அனியாரா' திரைப்படத்தை ஏன் பார்க்கச் சொன்னேன்?



நம் இளையோருள் பதினெட்டு வயதைக் கடந்தோருக்கு 'அனியாரா' என்னும் சுவீடன் நாட்டுத் திரைப்படத்தைப் பரிந்துரைத்தேன். பெற்றோர் சிலர் வருந்தினர். "கடவுளும் இல்லை, நம்பிக்கையும் இல்லை. சுவாமி, இதையா பிள்ளைகளுக்குக் காட்டுவது?" என்று தாய் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி; சற்று விரிவாகவே விடையளிக்க விரும்புகிறேன்.

நோபல் பரிசு பெற்ற கவிஞர் ஹாரி மார்ட்டின்சன் 1956இல் வெளியிட்ட நெடுங்கவிதையை, பெல்லா கோகர்மன், ஹியூகோ லில்யா இருவரும் 2018இல் படமாக்கினர். வாழத் தகுதியற்றுப்போன பூமியிலிருந்து செவ்வாய்க்கு மக்களை ஏற்றிச் செல்லும் விண்கப்பலே அனியாரா. மூன்றே வாரப் பயணம். வழியில் விண்குப்பை மோதுகிறது. எரிபொருளை வெளியேற்ற நேர்கிறது. கப்பல் திசைமாறி இருளுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. கூடிப்போனால் இரண்டு ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்கிறார் தலைவர். அது பொய். கடைகளும் உணவகங்களும் நிறைந்த அக்கப்பலிலிருந்து வெளியேற வழி மட்டும் இல்லை.

'இரண்டு ஆண்டுகள்' என்பது நம் மூத்தோருக்குப் புதிய கணக்கன்று. 1983க்குப் பின் இங்கு வந்தோர் பலர் ஊர் திரும்பும் நாளை அப்படித்தான் எண்ணினர். 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைச் சட்டத்துக்குப் புறம்பாகக் கிடப்பில் போடச் செய்தார். அவ்விவகாரத்தால் 1993இல் அரசே பதவி விலகியது. 1995இல் அவர் தண்டனையும் பெற்றார். அக்காலத்தில் மனைவி மக்களைக் காணாமல் காத்திருந்தவர்கள் நம்மிடையே உள்ளனர். அந்த இரவுகளைப் பற்றி அவர்கள் பேசி நான் கேட்டது மிகக் குறைவு.

கப்பலில் மீமா என்றொரு கருவி உண்டு. அதன்கீழ் படுத்தால் பூமியின் காடும் ஏரியும் கண்முன் விரியும். தொடக்கத்தில் சீண்டுவாரற்றுக் கிடந்த அதற்கு, விபத்துக்குப் பின் நீண்ட வரிசை. மக்கள் கொண்டுவந்து கொட்டிய துயரத்தைத் தாங்கமாட்டாமல் மீமா தன்னையே அழித்துக்கொள்கிறது. மடு அன்னையின் திருவிழாவைக் கைப்பேசி நேரலையில் பார்ப்பதை நான் குறைசொல்லவில்லை, நானும் பார்க்கிறேன். ஆனால் அந்தக் கப்பலில், பக்கத்து அறையில் இருப்பவரிடம் சொல்லியிருக்க வேண்டியதை எல்லாரும் கருவியிடமே கொண்டுபோயினர். அது அழிந்தபின் சொல்வதற்கு ஆளும் இல்லை, பழக்கமும் இல்லை.

பின்னர் எழும் வழிபாட்டுக் கும்பல்களை வெறும் வெறியாட்டமாகக் காட்டியது இயக்குநர்களின் குறுகிய பார்வை என்பேன். திருச்சபை ஏற்காத காட்சிகளும் உண்டு, மறைப்பதற்கில்லை.

நான் பரிந்துரைத்ததற்குக் காரணம் இசாகெல். கப்பலின் விமானியான அவளும் மீமாவைப் பராமரித்த பெண்ணும் இணைந்து வாழ்கின்றனர். ஒரு குழந்தையை வளர்க்கின்றனர். இசாகெலின் மனம் மெல்ல இருண்டுவருகிறது. அவளை மகிழ்விக்கவே, சன்னலுக்கு வெளியே பூமியின் காட்சிகள் தோன்றும் ஒளித்திரையொன்றை மற்றவள் பெருமுயற்சியோடு உருவாக்குகிறாள். அது ஒளிரத் தொடங்கிய மகிழ்ச்சியில் ஓடிவருகிறாள். அதற்குள் இசாகெல் குழந்தையைக் கொன்று, தன்னுயிரையும் போக்கிக்கொண்டிருக்கிறாள். ஒளித்திரைக்காக அவளுக்குப் பின்னர் பதக்கம் வழங்கப்படுகிறது.

அன்பில்லாத வீட்டில் நேர்ந்ததன்று இது. அன்புக்குரியவளுக்காகவே வேலையில் மூழ்கியிருந்தவளின் வீட்டில் நேர்ந்தது. இரண்டு வேலை பார்த்து வீடு வாங்கிய குடும்பங்களில், நவம்பர் மாத இருளில், வாய்திறவாமல் சமையலறையில் நிற்கும் பெண்களையும் ஆண்களையும் நான் அறிவேன். "செபம் போதவில்லை" என்றோ, "ஊருக்குத் தெரிந்தால் பெண்பிள்ளைக்குக் கலியாணம் நடக்குமா?" என்றோ சொல்லி மூடிவிடுகிறோம். மனச்சோர்வு நோய். நீரிழிவுக்கு மருந்தெடுப்பவரிடம் செபம் குறைவு என்று நாம் சொல்வதில்லை.

தற்கொலை செய்தவருக்குக் கோயிலில் அடக்கத் திருப்பலி கிடையாது என்று இன்றும் நம்பி அஞ்சுவோர் உண்டு. அறிந்தே தன்னுயிரை மாய்த்தோருக்கு 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு அதை மறுத்தது உண்மை. 1983ஆம் ஆண்டின் தொகுப்பில் அத்தடை இல்லை. கடுமையான மனக்கலக்கம் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களின் மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கையிழக்கலாகாது என்றும் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. அவர்களுக்காகத் திருச்சபை மன்றாடுகிறது.

ஆகவே, பிள்ளைகள் பார்க்கட்டும். இயன்றால் பெற்றோரும் உடனிருந்து பாருங்கள். மனம் பாரமாய் உள்ளோர் இப்படத்தைத் தனியே பார்க்க வேண்டா. அத்தகையோர் குடும்ப மருத்துவரிடம் செல்லுங்கள். தற்கொலை எண்ணம் எழுந்தால் லீவ்ஸ்லினியன் உதவித் தொலைபேசி 70 201 201. உயிருக்கு உடனடி ஆபத்தெனில் 112. மொழி தடையென்றால் என்னை அழையுங்கள். மருத்துவரிடம் உடன் வருகிறேன்.