அடுத்து எந்த வண்டி வரும்?

கஞ்சிக்கோட்டில் இந்த நாட்களில் இரவுக் காற்று பலமாக வீசுகிறது. சென்ற வாரம் உணவுக்கூடத்தில் மின்விசிறியே தேவைப்படவில்லை. உண்டு முடித்த இளநிலை மாணவர்கள் நால்வர் ஒரு மடிக்கணினியைச் சூழ்ந்து நின்று வாதிட்டுக்கொண்டிருந்தனர். 'பீம்என்ஜி டிரைவ்' என்னும் வாகன ஓட்ட விளையாட்டின் அடுத்த பதிப்பில் கரடுமுரடான பாதைகளுக்கென எந்தப் புதிய வண்டி வரும் என்பதே விவாதம். திரையில் இருளில் பாதி மறைந்த ஒரு வண்டியின் படம். சக்கரத்துக்கும் சக்கரவளைவுக்கும் இடையிலான இடைவெளியைக் கொண்டு ஒருவன் அதைப் பழைய சோவியத் ஜீப்பின் சாயல் என்றான். பின்னச்சில் தெரிந்த பட்டைவில்லைச் சுட்டி இன்னொருவன் ஜப்பானிய வகை என்றான்.

இத்தகைய ஊகங்களை நான் ஏளனம் செய்வதில்லை. சிதைந்த கல்வெட்டின் எழுத்தமைதியைக் கொண்டு அதன் காலத்தைக் கணிப்பவர் செய்வதற்கும் இவர்கள் செய்வதற்கும் முறையில் பெரிய வேறுபாடு இல்லை. குறைந்த தடயம், பரந்த ஒப்பீடு, தவறினால் ஒப்புக்கொள்ளும் மனம் ஆகிய மூன்றும் இரண்டிலும் உண்டு. பாடத்திட்டம் கற்பிக்கத் தவறும் இயந்திர அறிவை இந்த மாணவர்கள் இப்படித்தான் சேர்த்துக்கொள்கிறார்கள்.

நானும் ஒரு பெயரைச் சொன்னேன்: "மகிந்திரா கமாண்டர் வருமா?" நால்வரும் சிரித்தனர். "அக்கா, அதையெல்லாம் யார் சேர்ப்பாங்க?" என்றான் ஒருவன். கட்டப்பனையிலிருந்து வந்த மாணவன் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "சேச்சி, எங்க ஊர்ல அதுதான் பஸ்" என்றான். அந்தச் சிரிப்பையும் இந்த மறுமொழியையும் பற்றியே இந்தப் பதிவு.

அறியாதவர்களுக்காகச் சில செய்திகள். ஜெர்மனியின் பிரேமன் நகரில் உருவாகும் இந்த விளையாட்டு பல ஆண்டுகளாக விற்பனையில் உள்ளது. இதில் வண்டி என்பது வெறும் படமன்று. நிறையுடைய புள்ளிகளும் அவற்றை இணைக்கும் நெகிழ்வான விட்டங்களுமாக அது கட்டப்படுகிறது. அந்தக் கட்டமைப்பின் மீது செயல்படும் விசைகள் வினாடிக்கு 2000 முறை கணக்கிடப்படுகின்றன. பள்ளத்தில் இறங்கினால் சட்டகம் முறுகும். பாறையில் மோதினால் அச்சு வளையும். வண்டிகளின் பெயர்கள் கற்பனையானவை. ஜீப்பை ஒத்த வண்டிக்கு 'இபிஷு ஹாப்பர்' என்று பெயர். மலைப்பாதைக்கான சிறு வண்டி ஒன்று 'ஆட்டோபெல்லோ ஸ்டம்பெக்கோ'.

வாகனத்தின் பெயரும் வடிவமும் சொத்தாக இருக்கும் உலகில் கற்பனைப் பெயர் பாதுகாப்பான வழி. ஜீப்பின் முகத்துக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதற்கு மகிந்திராவின் வரலாறே சான்று. 1947இல் வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயில் பூட்டத் தொடங்கிய நிறுவனம் அது. அதன் 'ராக்ஸர்' என்னும் வண்டி 2018இல் அமெரிக்கச் சந்தைக்குச் சென்றபோது, ஜீப்பின் தோற்றத்தை நகலெடுத்ததாக ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையத்தில் புகார் அளித்தது. 2020இல் ஆணையம் முதல் வடிவத்தை உரிமை மீறல் என்றது. முகப்பை மாற்றிய பின் வந்த வடிவத்தை ஏற்றது. ஆகவே கமாண்டர் தன் சொந்தப் பெயரோடு அந்தப் பட்டியலில் இல்லை என்பது என் குறையன்று. அதன் உழைப்பு அங்கே இல்லை என்பதே என் குறை.

என் சொந்த ஊர் போடி. அங்கே விடியற்காலை ஐந்து மணிக்குத் தெருமுனைகளில் பெண்கள் தூக்குவாளியோடு நிற்பார்கள். தலையில் துண்டு, கையில் நெகிழித்தாள் விரிப்பு. போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பகுதிகளிலிருந்து போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் ஏறிச்சென்று மாலையில் இறங்கும் தொழிலாளர் கூட்டம் அது. அவர்களைச் சுமப்பது 'ட்ரிப் ஜீப்'. என் சித்தி இருபது ஆண்டுகள் அதில் சென்றார். பின்புறம் எதிரெதிராக இரண்டு நீள இருக்கைகள். அவற்றுக்கு இடையே காலை மடக்கித் தரையில் சிலர். பின்படியில் தொற்றிக்கொண்டு சிலர். நான் பள்ளி விடுமுறையில் உடன் சென்ற நாட்களில் பதினைந்து பேருக்குக் குறைந்து வண்டி புறப்பட்டதே இல்லை.

இதை இயந்திரவியல் மொழியில் சொல்லிப்பார்க்கலாம். பின்னச்சுக்குப் பின்னால் மனித எடை கூடும்போது முன்சக்கரங்களின் மீதான சுமை குறைகிறது. ஏற்றத்தில் அது மேலும் குறைந்து திசைமாற்றி இலகுவாகிவிடும். ஓட்டுநர் திருப்பும் அளவுக்கு வண்டி திரும்பாது. கொண்டை ஊசி வளைவில் அமர்ந்திருப்போர் ஒருபக்கமாகச் சாய்கையில், ஏற்கெனவே உயர்ந்திருக்கும் ஈர்ப்பு மையம் பக்கவாட்டிலும் நகர்கிறது. இறக்கத்தில் இதே எடை பிரேக்கைச் சோதிக்கிறது. மூட்டையைக் கயிற்றால் கட்டலாம். மனிதர்களைக் கட்ட முடியாது. அவர்கள் அஞ்சுவார்கள், ஒருவரையொருவர் பற்றிக்கொள்வார்கள், ஒரே நேரத்தில் ஒரே பக்கம் சாய்வார்கள். சாலையைப் போலவே சுமையும் அசைகிற வண்டி இது. ரசிகர்கள் கேட்கும் 'கடினமான பாதை' இதைவிடக் கடினமாக எங்கே இருக்கப்போகிறது?

இது விளையாட்டைக் கடந்தும் முக்கியமாவதற்குக் காரணம் உண்டு. அதே இயற்பியல் பொறியைக் கொண்டு 'பீம்என்ஜி டெக்' என்ற ஆய்வுப் பதிப்பும் வெளியாகிறது. தானியங்கி ஓட்டுநர் மென்பொருளைச் சோதிக்க ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்துகின்றனர். 2021இல் மென்பொருள் சோதனை ஆய்வாளர்களின் கருவிப் போட்டி ஒன்றில், தடம் விலகாமல் ஓட்டும் மென்பொருளைத் தடுமாறவைக்கும் சாலைகளை உருவாக்குவதற்கு இதுவே களமாக இருந்தது. விளையாட்டின் வாகனப் பட்டியல் இவ்வாறு ஆய்வகத்தின் வாகனப் பட்டியலாகவும் ஆகிறது. பட்டியலில் இல்லாத வண்டி சோதிக்கப்படாது. சோதிக்கப்படாத வண்டிக்குப் பாதுகாப்பு விதியும் பிறக்காது. விபத்து நேரும்போது 'அதிவேகம், அளவுக்கு மீறிய ஆள்' என்ற இரண்டு சொற்களில் செய்தி முடிந்துவிடும். அந்த நேரத்தில் அந்தத் தோட்டப் பாதைக்கு வேறு எந்த வண்டி வரும் என்பதை யாரும் கேட்பதில்லை.

மலைமேல் செல்லும் எல்லா ஜீப்புகளும் இப்படி மறக்கப்படுவதில்லை. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு உதயம் காண ஏறும் ஜீப்புக்குக் காணொளிகள் ஏராளம். 2025 ஜூலையில் இடுக்கி மாவட்ட நிர்வாகம் சுற்றுலா ஜீப் சவாரிகளுக்குத் தற்காலிகத் தடை விதித்தபோது அது பெருஞ்செய்தியானது. பயணிகளின் பாதுகாப்புப் பேசப்பட்டது. பேசப்பட வேண்டியதே. ஆனால் கூலிக்காக ஏறுபவரின் முதுகெலும்பும் உல்லாசத்துக்காக ஏறுபவரின் முதுகெலும்பும் ஒரே விதமாகத்தான் முறியும்.

எதிர்வாதங்களை நான் அறிவேன். விளையாட்டு என்பது களைப்பாறுவதற்கு, அதில் சமூகப் பொறுப்பைத் திணிக்கலாமா என்பது முதலாவது. திணிக்க நான் விரும்பவில்லை. எந்த வண்டி வேண்டும் என்று ஆசைப்படும் உரிமை ரசிகருக்கு உண்டு. அந்த ஆசையின் எல்லை ஏன் அடுத்த நாட்டின் வண்டியோடு நின்றுவிடுகிறது என்று கேட்கும் உரிமை எனக்கும் உண்டு. இந்திய ஜீப்புகளை ரசிகர்களே செய்து வெளியிடுகிறார்களே என்பது இரண்டாவது. உண்மைதான். ஆனால் அவற்றுள் பல, வேறொரு வண்டியின் எலும்புக்கூட்டின் மேல் நம் வண்டியின் தோலைப் போர்த்தியவை. 'மெஷ் ஸ்லாப்' என்று அந்த ரசிகர்களே குறைகூறும் வேலை அது. நம்பர் பலகை இடுக்கியுடையது. எடைப் பரவல் வேறெங்கோ பிறந்தது.

ஆகவே என் வேண்டுகோள் நிறுவனத்திடம் அன்று, நம்மிடம். இந்த விளையாட்டில் வண்டியின் கட்டமைப்பு 'ஜேபீம்' என்னும் கோப்புகளில் எழுதப்படுகிறது. அது எவரும் திறந்து படித்துத் திருத்தக்கூடிய வெற்று உரை. அதில் ஒரு ட்ரிப் ஜீப்பை நேர்மையாக எழுதுவதற்கு நான்கு பொருள்கள் போதும்: ஓர் அளவுநாடா, பட்டைவில்லின் தகடுகளை எண்ணப் பொறுமை, அச்சுவாரியாக எடைபோட ஓர் எடைமேடை, கதை சொல்ல இசைந்த ஓர் ஓட்டுநர். போடியிலும் நெடுங்கண்டத்திலும் இந்த நான்கும் கிடைக்கும். ஓர் இளநிலை மாணவரின் இறுதியாண்டுத் திட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு எனக்குத் தோன்றவில்லை. காலி வண்டி, பத்துப் பேர், பதினைந்து பேர் என மூன்று நிலைகளில் ஒரே வளைவை ஓட்டிக் காட்டினாலே, எத்தனை பேருக்குமேல் ஏற்றக் கூடாது, கூடுதல் இருக்கையை எங்கே வைக்கலாம், எந்த நேரத்தில் பேருந்து விட வேண்டும் என்ற பேச்சைத் தொடங்கிவிடலாம்.

இதையெல்லாம் அந்த நால்வரிடமும் சொன்னேன். கட்டப்பனை மாணவன் உடனே கேட்டான்: "கமாண்டரோட வீல்பேஸ் எவ்வளவு, சேச்சி?" எனக்குத் தெரியவில்லை. சித்தியை இருபது ஆண்டுகள் சுமந்த வண்டியின் இரண்டு அச்சுகளுக்கும் இடையிலான தூரத்தை நான் ஒருநாளும் அளந்ததில்லை. அடுத்த விடுமுறையில் இருவரும் போடிக்குச் செல்கிறோம். எடைமேடைக்கு ஜீப்பைக் கொண்டுவர ஓர் ஓட்டுநர் இசைந்துவிட்டார். தோட்டத்துக்குப் புறப்படும் முன், ஆட்களோடு ஒருமுறையும் இல்லாமல் ஒருமுறையும். உடன் வர விரும்பும் மாணவர்கள் எழுதுங்கள்.