தொகுப்புகளில் இனங் குறித்தல்

ஜாவா மொழியில் புரோகிராம் எழுதப் பயிலும் மாணவர் பலர், லிஸ்ட் முதலிய தொகுப்புகளை அமைக்குங்கால், அவற்றுள் அடங்கும் பொருளின் இனம் இன்னதெனக் குறியாது விடுகின்றனர். கம்பைலர் எச்சரிப்பினும், புரோகிராம் ஓடுகின்றதே என அமைதியுறுகின்றனர். இவ்வழக்கம் ஒழிதல் வேண்டுமென்பது எமது துணிபு.

1998-ஆம் ஆண்டு ஜாவாவில் சேர்க்கப்பட்ட இத்தொகுப்புகளில் எப்பொருளையும் இடலாம். எடுக்குங்காலோ அஃது ஆப்ஜெக்ட் என்னும் பொதுப்பெயருடனேயே வெளிவரும். அதனை உரிய இனமாக மாற்றிக்கொள்ளுதல் எழுதுவோன் பொறுப்பாயிருந்தது. மாணவர் பெயர்கள் நிறைந்த தொகுப்பில் மதிப்பெண் ஒன்று தவறிப் புகுந்துவிடின், இடுங்கால் தடுப்பாரில்லை. லூப் அவ்வெண்ணை அடைந்து, அதனைப் பெயரென மாற்ற முயலும்போதே கிளாஸ் காஸ்ட் எக்ஸெப்ஷன் எழுந்து ஓட்டம் நின்றுவிடும். பிழை புகுந்த இடம் ஒன்று. வெளிப்படும் இடம் மற்றொன்று.

2004-ஆம் ஆண்டு வெளிவந்த ஜாவாவின் ஐந்தாம் பதிப்பு, ஜெனரிக்ஸ் என்னும் முறையால் இக்குறையைத் தீர்த்தது. கோண அடைப்புக்குள் ஸ்ட்ரிங் எனக் குறித்து லிஸ்டை அமைப்பின், அதில் எண்ணை இடும் வரியையே கம்பைலர் ஏற்க மறுக்கும். அப்பதிப்பிலேயே வந்த புதிய ஃபார் லூப், ஒவ்வொரு பெயரையும் ஸ்ட்ரிங்காகவே எடுத்துத் தருகின்றது. இனம் மாற்றும் வேலையுமில்லை. இன்டெக்ஸ் எல்லை கடக்கும் அச்சமுமில்லை.

அங்ஙனமாயின், பழைய முறையை ஜாவா இன்றும் அனுமதிப்பதேன் எனச் சிலர் வினவலாம். முன்னரே எழுதப்பட்ட புரோகிராம்கள் பழுதுறாதிருத்தற்பொருட்டே அவ்விடம் அளிக்கப்பட்டது. புதிதாய் எழுதுவோர்க்கு அஃது உரிமைச்சீட்டன்று. மேலும், கம்பைலர் இனத்தைச் சோதித்தபின் அக்குறிப்பை அழித்துவிடுதலின், ஓடுங்காலத்தில் லிஸ்ட் தன் இனத்தை அறியாது. ஆதலின், எச்சரிக்கையை அடக்கி இரு முறைகளையும் கலப்போர் தமக்குரிய காவலைத் தாமே குலைக்கின்றனர்.

ஜெனரிக்ஸ் எல்லாப் பிழையையும் நீக்குமென யாம் கூறோம். லூப் சுற்றிவருகையிலேயே லிஸ்டினின்று ஒன்றை நீக்குதல் போன்ற தவறுகளை அது தடுப்பதில்லை. எனினும், தடுக்கத்தக்கதைத் தடாதிருத்தல் அறிவுடைமையாகுமோ?

நாளை நம் மாணவர் எழுதும் புரோகிராமைக் கையாளுவோர் அதன் உள்ளமைப்பை அறியார். எழுதுவோன் மேசையில் தீரவேண்டிய பிழையை அவர்முன் தோன்றவிடுதல் முறையன்று. ஆகவே ஆசிரியர்கள் லிஸ்டைக் கற்பிக்கும் முதல் நாளிலேயே இனங் குறித்தலையும் கற்பிப்பார்களாக. செய்முறைப் பரீட்சையில் எச்சரிக்கையோடு கம்பைலாகும் விடைக்கு முழு மதிப்பெண் வழங்காதிருப்பார்களாக. மாணவரும் அவ்வெச்சரிக்கையைத் தொல்லையெனக் கருதாது, தோழன் சொல்லெனக் கொள்வாராக.