பத்துக் கோடிக்கு மேல் கதவடைப்பா?

சட்டக் கல்லூரிகளில் நடுவர் தீர்ப்பு, அதாவது ஆர்பிட்ரேஷன், விரும்பினால் மட்டும் எடுத்துக்கொள்ளும் பாடமல்ல. பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு விதிகள் மாற்று முறையில் தகராறு தீர்ப்பதைக் கட்டாயச் செய்முறைப் பாடமாக வைத்திருக்கின்றன. பாகாயத்தில் அறை எடுத்துத் தங்கி வேலூர் அரசு சட்டக் கல்லூரியில் படிப்பவரும் அதில் தேறித்தான் பட்டம் வாங்குகிறார்.

இந்த வட்டாரத்தில் அந்தப் படிப்புக்கு வேலையும் உண்டு. ஆம்பூரில் ஷூவின் மேல்பாகம் (அப்பர்) தைத்துத் தரும் ஜாப் ஒர்க் யூனிட்டுக்குப் பணம் நின்றுபோனால், 2006-ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி 45 நாளைத் தாண்டிய பாக்கிக்கு வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம்; முதலில் சமரசம், அது முறிந்தால் நடுவர் விசாரணை. ஜெர்மனிக்குப் போன ஷூ தரமில்லை என்று திரும்பி வந்தால், விசாரணை சென்னையிலா சிங்கப்பூரிலா என்பதை ஆர்டர் தாளின் கடைசியில் பொடி எழுத்தில் இருக்கும் பத்திதான் தீர்மானிக்கும். அந்தப் பத்தியை எழுதுவது, அதன்மேல் வாதாடுவது, நடுவருக்குச் செயலராக இருப்பது, ஏற்றுமதி நிறுவனத்தில் சட்ட அலுவலராவது எல்லாமே பிழைப்புக்கு வழிகள்.

ஆனால் பெரிய வழக்குகளும் பெரிய அனுபவமும் சாலை, ரயில், மின்சாரம் என அரசு ஒப்பந்தங்களிலிருந்தே வருகின்றன. மத்திய நிதி அமைச்சகத்தின் 2024 ஜூன் 3-ஆம் தேதிச் சுற்றறிக்கை கைவைத்தது அங்கேதான். நடுவர் பிரிவை வழக்கமாகச் சேர்க்கக் கூடாதாம். சேர்த்தாலும் பொதுவாக 10 கோடி ரூபாய்க்குக் குறைந்த தகராறுகளுக்கு மட்டுமாம். அதற்கு மேல் சமரசம் பேசலாம், இல்லையென்றால் நீதிமன்றம்.

சொன்ன காரணங்கள் தாமதம், செலவு, நடுவர்களின் தரம். தாமதம் யாரால்? தோற்ற துறைகளே தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீட்டுக்கு மேல் மேல்முறையீடு போகின்றன. அப்படி எதிர்த்தால் 75 சதவீதத் தொகையை வங்கி உத்தரவாதத்தின் பேரில் ஒப்பந்ததாரருக்குக் கொடுக்க வேண்டும் என்று 2016-இல் முடிவெடுத்தார்கள். 2019-இல் அதையே மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

நீதிமன்றத்துக்குப் போகச் சொல்வது எவ்வளவு எளிது! பாலாற்றைத் தோல் கழிவு கெடுத்த வழக்கு 1991-இல் தொடுக்கப்பட்டது. 1996-இல் தீர்ப்பு வந்தது. இழப்பீடு பற்றி 2025 ஜனவரியில்கூட உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அது நடுவரிடம் போகக்கூடிய வழக்கல்ல என்பது உண்மை. ஆனால் நீதிமன்றக் காலக்கணக்கு என்னவென்று வேலூர் மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

தரத்தைப் பற்றிப் பேச இவர்களுக்கு என்ன தகுதி இருக்கிறது? நடுவர் அமைப்புகளைத் தரம் பிரிக்க ஒரு கவுன்சில் வேண்டும் என்று 2019-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். சுற்றறிக்கை வந்த நாள்வரை அந்தக் கவுன்சிலை அமைக்கவில்லை. அதே திருத்தத்தில் நடுவராவதற்கான தகுதிப் பட்டியலைச் சேர்த்தார்கள். நடைமுறைக்கு வருமுன்பே அவசரச் சட்டத்தால் நீக்கினார்கள். தரத்தை உயர்த்தும் வேலையைச் செய்யாமல் விட்டவர்கள், தரமில்லை என்று துறையையே ஒதுக்குகிறார்கள். கட்டாயப் பாடமாகப் படிக்கச் சொல்லிவிட்டு, படித்து முடித்தவர்களிடம் வேலை இல்லை என்று கைவிரிப்பது மாணவர்களுக்கு இழைக்கும் அநீதி.

சுற்றறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும். நடுவர்களின் தரம்தான் கவலை என்றால், அவர்களை உருவாக்கும் பொறுப்பைச் சட்டக் கல்லூரிகளோடு சேர்ந்து அரசு ஏற்க வேண்டும். வேலூர் போன்ற தொழில் மாவட்டங்களிலேயே அதற்கான பயிற்சிக்கும் விசாரணைக்கும் இடம் தர வேண்டும்.