எல்லைக் கோட்டை அழித்தால் போதுமா?

ஐரோப்பியர் கிழித்த எல்லைகளை அழித்து, இனவாரியாக நாடுகளைப் பிரித்தால் ஆப்பிரிக்காவில் போர் ஓயும் என்கிறார் ஒரு கட்டுரையாளர். அப்படியானால் ருவாண்டா? ஹூட்டு, டூட்சி இருவருக்கும் மொழி ஒன்று. எல்லையும் பெரும்பாலும் பழைய அரசின் எல்லைதான். பெல்ஜிய ஆட்சி 1930களில் அடையாள அட்டையில் இனத்தை எழுதியது. விடுதலைக்குப் பின்னும் அந்த வழக்கம் நீடித்தது. 1994இல் சாலைத் தடுப்புகளில் அட்டையை வாங்கிப் பார்த்து டூட்சிகளை வெட்டிக் கொன்றார்கள்.

இருக்கும் எல்லையை ஒட்டியே பிழைக்கிறவர்களும் உண்டு. காங்கோவின் கோமா நகர எல்லையில் நான் பார்த்த பெண்கள், தலையில் காய்கறிக் கூடையோடு ருவாண்டாவிலிருந்து காங்கோவுக்குப் போய் விற்றுவிட்டுத் திரும்புகிறவர்கள். எல்லையை மூடினால் அன்றைக்கு அவர்கள் வீட்டில் உலை இல்லை. கிழக்குக் காங்கோவில் பல இனத்தார் ஒரே ஊரில் கலந்து வாழ்கிறார்கள். புதிய கோடு யார் வீட்டு முற்றத்தில் விழும், யாரைத் துரத்தும் என்று அந்தக் கட்டுரையாளர் சொல்லட்டும்.