தலைவி வெளியே சென்ற பின்

ஆண்டுதோறும் எமது பாடசாலைகளில் மாணவத் தலைவியருக்குச் சின்னம் சூட்டப்படுகிறது. பெற்றோர் பெருமையோடு புகைப்படம் எடுத்துக்கொள்கின்றனர். ஒருநாள் தலைமைத்துவச் செயலமர்வும் நடக்கும். நிமிர்ந்து நில், உரத்துப் பேசு, தயங்காதே என்று அதில் கற்பிக்கிறார்கள். இவை தேவையானவைதாம். ஆயினும் தலைமைத்துவம் இவ்வளவுதானா? இக்கேள்வியை ஆராய்ந்த ஓர் உளவியலாளரை நாம் அறிந்திருப்பது நல்லது.

அவர் பெயர் கேர்ட் லெவின். பிறந்தது 1890இல். பேர்ளின் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்த அவர், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல், யூதர் என்பதால் ஜேர்மனியை விட்டு வெளியேறி ஐக்கிய அமெரிக்காவில் குடியேறினார். அவரது தாயார் பின்னர் நாஸிகளால் கொல்லப்பட்டார். ஒரே தலைவனின் கட்டளைக்கு ஒரு நாடே பணிந்தால் என்ன நேரும் என்பதை அவர் புத்தகத்தில் படித்து அறியவில்லை, அனுபவித்து அறிந்தார்.

அயோவா பல்கலைக்கழகத்தில் அவரும் சகாக்களும் நடத்திய ஆய்வொன்று 1939இல் வெளியானது. பத்து வயதளவான சிறுவர்கள் குழுக்களாகக் கூடி முகமூடி செய்தார்கள். ஒருவகைத் தலைவர் எல்லாவற்றையும் தாமே தீர்மானித்துக் கட்டளையிட்டார். இன்னொருவகைத் தலைவர் சிறுவர்களோடு கலந்துபேசி முடிவெடுத்தார். கட்டளைக்குப் பணிந்த குழு, தலைவர் இருக்கும்வரை மும்முரமாக வேலை செய்தது. அவர் வெளியே சென்றதும் சோர்ந்துவிட்டது. கலந்துபேசிய குழுவோ அவர் இல்லாதபோதும் வேலையைத் தொடர்ந்தது. எதிலும் தலையிடாத தலைவரின் குழுவும் ஆராயப்பட்டது. அங்கே வேலை குறைவாகவே நடந்தது. ஆகவே கலந்துபேசுவது வேறு, கண்டுகொள்ளாமல் விடுவது வேறு.

கரும்பலகையில் பேசுவோரின் பெயரெழுதி வகுப்பை அடக்கும் தலைவி, சற்று வெளியே போனதும் என்ன நடக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நல்ல இறைச்சி தட்டுப்பாடாயிற்று. மாட்டின் இதயம், சிறுநீரகம் போன்றவற்றை அமெரிக்க இல்லத்தரசிகள் சமைக்க விரும்பவில்லை. லெவின் சில பெண்கள் குழுக்களுக்கு அவற்றின் நன்மைகளை விரிவுரையாகச் சொல்லச் செய்தார். வேறு சில குழுக்களைத் தமக்குள் பேசி முடிவெடுக்கச் செய்தார். விரிவுரை கேட்டவர்களில் 3 சதவீதத்தினரே சமைத்துப் பார்த்தனர். பேசி முடிவெடுத்தவர்களில் 32 சதவீதத்தினர் சமைத்தனர்.

1946இல் கனெக்டிகட் மாநிலத்தில், இன மதக் காழ்ப்பைக் குறைக்க உழைக்கும் ஆசிரியர்களுக்கும் சமூக சேவையாளர்களுக்கும் அவர் பயிற்சி நடத்தினார். மாலையில் பயிற்றுநர்கள் அன்றைய நிகழ்வுகளை அலசுவார்கள். பயிற்சி பெற்றவர்களில் சிலர் தாங்களும் வந்து கேட்கலாமா என்றனர். லெவின் சம்மதித்தார். தம்மைப் பற்றிப் பிறர் சொல்வதைக் கேட்டபோதே அவர்கள் அதிகம் கற்றார்கள். 1947இல் அவர் காலமானார். அவ்வாண்டே தொடங்கிய தலைமைத்துவப் பயிற்சி நிலையமொன்று அந்த மாலைகளின் வழியிலேயே வளர்ந்தது.

இது எமக்குப் புதிய பாடமன்று. கலந்தாலோசனை என்று பொருள்படும் அஷ்ஷூறா, திருக்குர்ஆனின் 42ஆவது அத்தியாயத்தின் பெயர். பள்ளிவாசலிலும் குடும்பத்திலும் மஷூறா என்ற சொல் எமக்குப் பழக்கமானதே. ஆனால் அந்த மஷூறாவில் பெண்பிள்ளைகளுக்கு இடம் உண்டா? சாதாரணதரப் பெறுபேறு வந்ததும் உயர்தரத்தில் எந்தப் பிரிவு என்பதைப் பல வீடுகளில் வாப்பாவும் மாமாமாரும் தீர்மானித்துவிடுகிறார்கள். உளவியல் படிக்க ஆசைப்படும் மகளிடம், அது என்ன தொழில் என்று கேட்டு வாயடைத்துவிடுகிறோம். தன் வாழ்க்கை பற்றிய பேச்சிலேயே இடம் கிடைக்காத பிள்ளைக்குச் சின்னம் சூட்டுவதால் மட்டும் தலைமைத்துவம் வந்துவிடாது.

பெற்றோர்களே, பிள்ளையின் முடிவை அவளோடு பேசி எடுங்கள். தலைவிகளே, மாதம் ஒருமுறையேனும் சிறிய வகுப்புத் தங்கைகளை இருத்தி, உங்களைப் பற்றி அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். கேட்க முதலில் கசக்கும். ஆனால் நீங்கள் இல்லாத நாளிலும் அவர்கள் ஒழுங்காக நடப்பார்கள்.