ஜவ்வரிசிக்கு மடி, முட்டைக்குத் தீட்டா?

சேலத்துக் குச்சிக்கிழங்குக்கு வடக்கே கிடைத்திருக்கும் யோக்கியதையைக் கேட்டால் தோழர்கள் சிரிப்பார்கள். மகாராஷ்டிரம், குஜராத் முதலிய இடங்களில் ஏகாதசி, நவராத்திரி என்று விரதமிருக்கும் பக்தர்கள் அரிசியைத் தொடமாட்டார்கள், கோதுமையைத் தொடமாட்டார்கள். தானியம் தோஷமாம்! ஆனால் நம்மூர் ஜவ்வரிசியை ஊறவைத்து, நிலக்கடலையும் உருளைக்கிழங்கும் பச்சைமிளகாயும் சேர்த்துக் கிச்சடி கிளறி வயிறு புடைக்கச் சாப்பிடுவார்கள். அதற்குப் பெயர் உபவாசம்!

இந்த நான்கு பதார்த்தங்களும் எந்தத் தேசத்தவை? நான்கும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1492-ல் கொலம்பஸ் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் இவை கப்பலேறி நம் பக்கம் வந்தன. மனிதன் கடல் தாண்டினால் ஜாதி கெட்டுவிடும் என்றவர்கள், கடல் தாண்டி வந்த கிழங்குக்கு மாத்திரம் மடி கட்டிவிட்டது எப்படி? மரவள்ளியைக் கண்ணாலும் கண்டிராத ரிஷி எந்தச் சுலோகத்தில் அதற்கு உத்தரவு கொடுத்தார்?

சேலத்தில் இத்தொழில் ஏற்பட்டதே 1943 வாக்கில்தான். யுத்தத்தால் மலாயாச் சரக்கு நின்றுபோன சமயம் அது. அசல் சேகோ என்பது ஒருவகைப் பனைமரத்தின் உட்சோற்றிலிருந்து எடுப்பது. அந்தப் பெயரைக் கிழங்குமாவு சூட்டிக்கொண்டதை விரதம் வாங்கும் எந்தச் சாமியும் கண்டுபிடித்ததாகத் தகவல் இல்லை. கிழங்கைத் தோலுரித்து, அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் தெளியவைத்து, மாவைக் குலுக்கி மணியாக்கி, வறுத்துக் காயவைக்கிறார்கள். இதில் புழு விழுகிறது, காலால் மிதிக்கிறார்கள், ஆகவே இது மாமிசம் என்று ஒரு புரளியும் கிளம்பிற்று. பக்தர்கள் பதறினார்கள். ஆனால் வெள்ளைவெளேரென்று இருந்தால்தான் விலைபோகும் என்று சில ஆலைகளில் ரசாயனம் போட்டு வெளுத்ததையும், மக்காச்சோள மாவு கலந்ததையும் அதிகாரிகள் பிடித்தபோது எந்த மடாதிபதி வாய் திறந்தார்? மக்காச்சோளம் தானியமல்லவா? தின்றவர்களின் விரத பலன் என்னவாயிற்று?

நாமக்கல் முட்டையின் கதி வேறு. பண்ணைக்கூண்டில் கோழி சேவலைக் காணாமலே இடுகிற முட்டை அது, குஞ்சு பொரிக்காது. ஆனாலும் சர்க்கார் லேபில் சட்டத்தில் முட்டை அசைவம். மாட்டின் மடியிலிருந்து வரும் பாலும், தேனீ சேர்த்த தேனும், பூச்சியிலிருந்து வரும் அரக்கும் அந்தக் கணக்கிலிருந்து விலக்கு! யூதர்களுக்கும் ஆகாரச் சட்டம் கடுமைதான். மாமிசத்தையும் பாலையும் சேர்த்துண்ணக்கூடாது. ஆனால் முட்டை அவர்களுக்கு மாமிசமுமல்ல, பாலுமல்ல. இரத்தப்புள்ளி இல்லாவிட்டால் எதனோடும் உண்ணலாம். ஒரே கோழியின் முட்டை ஊருக்கொரு ஜாதியாய் மாறுமானால், ஜாதி முட்டையிலா இருக்கிறது, சட்டம் எழுதினவன் மூளையிலா?

இது வெறும் வேடிக்கையாகப் போகுமானால் நாம் எழுதவேண்டியதில்லை. 2015-ல் மத்தியப் பிரதேசத்தில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை கொடுக்கலாமென்ற யோசனையை அம்மாகாண முதல் மந்திரியே தள்ளிவிட்டார். இளைத்த குழந்தைகள் மலிந்த மாகாணம் அது. நம் சத்துணவில் 2010 முதல் வாரத்துக்கு 5 முட்டை. உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம். அதில் நமக்கு ஆட்சேபணை கிடையாது. எவரும் தம் வீட்டில் எதையும் ஒதுக்கட்டும். அடுத்த வீட்டுக் கூலிக்காரன் பிள்ளையின் தட்டிலிருந்து முட்டையை எடுக்க இவர்களுக்கு அதிகாரம் கொடுத்தது யார் என்பதுதான் நாம் கேட்பது.